எக்ஸ்ரே காக்கா எடுத்த மூன்று படங்கள்

எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தவரை எல்லாரும் எக்ஸ்ரே காக்கா என்றுதான் சொன்னோம். காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் மூத்த சகோதரன். கல்முனைக்கு வந்து பழகாதவர்கள் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். அவருக்கு வாப்பாவும் உம்மாவும் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அதைச் சொல்லிக் கூப்பிட்ட ஒருவரையும் நான் கண்டதில்லை.

நெட்டையான மனிதர். இருட்டறையின் சின்ன வாசலுக்குள் நாள் முழுக்கக் குனிந்து குனிந்து போனதால், வெளியிலும் குனிந்தே நடப்பார். சட்டைப் பைக்கு மேலே தீப்பெட்டி அளவில் ஒரு சின்ன அட்டை குத்தியிருக்கும். அவர் உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று அதை வைத்துக் கொழும்பில் பார்ப்பார்களாம். மாதம் ஒருமுறை அது கொழும்புக்குப் போகும், வேறொன்று வரும். தொழப் போகும்போதும் கழற்ற மறந்து அதோடு போய் நிற்பார். “நன்மை தீமை எழுத ரெண்டு தோளிலயும் மலக்குமார் இரிக்காங்க. அது போதாதெண்டு கொழும்பில இரிந்தும் எழுதிறாங்களா?” என்று பள்ளிவாசல் மரைக்கார் ஒருவர் கேட்டாராம். காக்கா சிரிக்கவில்லை. “அங்க பிழையா எழுதினா இங்க என்ட எலும்பெல்லாம் உக்கிப் போகும்” என்று சொல்லிவிட்டு தொழ முந்திக் கைகால் கழுவி ஒளுச் செய்யப் போனாராம்.

அவருடைய இருட்டறையில் மீன் மணக்கும். படம் கழுவுகிற மருந்துத் தண்ணீர் குளிராக இருக்கவேண்டும், சூடேறினால் படம் கறுத்துப் போய்விடும். எங்கள் கடற்கரை வெயிலில் எது குளிராக இருக்கும்? ஆகவே காலையில் சைக்கிளில் கரைக்குப் போய், மீன் லொறிக்காரரிடம் உடைந்த ஐஸ் வாங்கி, சாக்கில் சுற்றி, மருந்துத் தொட்டியைச் சுற்றி அடுக்குவார். சூரை மீன் ஏற்றின லொறி என்றால் அன்றைக்கு எக்ஸ்ரே அறை முழுக்கச் சூரை. கையில் படத்தோடு வீட்டுக்குப் போனவர்களின் பின்னால் பூனை போனது என்று சொல்வார்கள். பூனைக் கதை பொய்யாக இருக்கலாம். மணம் பொய்யில்லை, என் படத்திலும் இருந்தது.

ஆனால் அவரைப் பற்றிக் கதைக்க வேண்டுமென்றால் ஐஸைச் சொல்லிப் பயனில்லை. நோன்புக் கதையைத்தான் சொல்லவேண்டும்.

ஒரு ரமழானில் எங்கள் தெருத் தைக்காவில், அந்தச் சின்னப் பள்ளியில், பாங்கு சொல்கிற மோதினாருக்குக் காய்ச்சல். அவருக்குப் பதிலாக எக்ஸ்ரே காக்கா நோன்பு திறக்கிற மஃரிப் பாங்கு சொன்னார். தெருவே அதைக் கேட்டுப் பேரீச்சம்பழத்தை வாயில் வைத்தது. கஞ்சி குடித்தோம், தொழுதோம், எல்லாம் முடிந்தது. பிறகு ஆண்கள் அடுத்த தொழுகைக்குக் கூடியபோது காக்கா எழுந்து நின்றார். “என்ட மணிக்கூடு நாலு நிமிஷம் முந்தி ஓடியிரிக்கி. நாம நோன்பு தொறந்தது சூரியன் உழ முந்தி. இண்டைய நோன்பு கூடாது. எல்லாரும் ஒண்டு களாச் செய்யணும். பிழை என்ட” என்றார்.

அதாவது, பெருநாள் கழிந்த பிறகு தெருவில் இருக்கிற அத்தனை பேரும் அந்த ஒரு நாளுக்காக இன்னொரு நாள் பட்டினி கிடக்கவேண்டும். என் உம்மாவுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. “அந்த மனிசன் வாய மூடிக்கிட்டு இரிந்தா நமக்கு ஒரு குத்தமும் இல்ல கா. தெரியாமச் செஞ்சதெண்டு அல்லா மன்னிச்சிரிப்பான். இப்ப தெரிஞ்சி போச்சே!” என்று பக்கத்து வீட்டு மாமியிடம் வேலிக்கு மேலால் சொன்னார். எல்லாரும் திட்டினார்கள். எல்லாரும் நோற்றார்கள். அந்த நாளில் காக்கா தெருவில் நடந்து போனபோது ஒருவரும் அவருக்கு முகங்கொடுக்கவில்லை. அவரும் நோன்போடுதான் நடந்தார்.

“பிழைய மூடி வெச்சா அது குட்டி போடும்” என்பது அவர் வாயில் எப்போதும் கிடந்த பேச்சு. எக்ஸ்ரே அறையின் சுவரில் ஒரு கம்பி கட்டி, பழுதாகிப்போன படங்களை உடுப்புக் காயப்போடுகிற மாதிரித் தொங்கவிட்டிருந்தார். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுக் கடதாசி. ‘பிள்ளை அசைந்தது. அந்த நேரம் பேச்சுக் கொடுத்தது நான்.’ ‘இடுப்பில் கட்டிய இசிம் படத்தில் விழுந்தது. கழற்றச் சொல்ல மறந்தது நான்.’ ஓதிக் கட்டுகிற தகட்டுக் கூட்டைத்தான் இசிம் என்போம். கம்பியில் தொங்கிய அந்தப் படத்தில் அது முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில் வெள்ளையாகத் தெரிந்தது. அதைக் குண்டிக்காயில், அதாவது சிறுநீரகத்தில், கல் என்று நினைத்து அந்த மனிதர் ஒரு கிழமை வாழைத்தண்டுச் சாறு குடித்தாராம். படமெடுக்க வருகிறவர்கள் இசிமைக் கழற்ற மாட்டோம் என்று நின்றால், காக்கா வாதாட மாட்டார். கம்பியில் அந்தப் படத்தைக் காட்டுவார். அதைப் பார்த்தால் கழற்றிவிடுவார்கள்.

பெண்களிடம் அவருக்கு வேறொரு சங்கடம். வயிற்றில் பிள்ளை இருந்தால் கதிர் படக்கூடாது. ஆகவே கலியாணம் முடித்த ஒவ்வொரு பெண்ணிடமும் கேட்டாகவேண்டும். எங்கள் ஊரில் ஒரு அந்நிய ஆண் அதைக் கேட்கிறதா? கேட்டார். ஒரு மாமனார் சட்டையைப் பிடித்துவிட்டார். அதற்குப் பிறகு காக்கா வாசலில் ஒரு மேசை போட்டு, ஒரு தட்டில் தேசிக்காய் என்கிற எலுமிச்சையும் பாக்கும் வைத்தார். உள்ளே பெண்களை ஆயத்தப்படுத்துகிற ராத்தா ஒருவர் இருந்தார், வார்ட்டில் வேலை செய்தவர். ராத்தா என்றால் அக்கா. வயிற்றில் ஒன்றும் இல்லாதவள் தேசிக்காயை, சந்தேகம் இருக்கிற பெண் பாக்கை எடுத்து ராத்தாவின் கையில் கொடுத்தால் போதும். ஒரு பேச்சும் இல்லை. படமும் இல்லை. மாமியார் பக்கத்தில் நின்றாலும் ஒன்றும் விளங்காது. காட்ட வந்த நோயை விட்டுவிட்டு, பாக்கை எடுத்ததற்காகச் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனவர்களை எனக்குத் தெரியும்.

இனி என் கதை.

எண்பதுகளின் தொடக்கம். எனக்கு ஆசிரியர் கலாசாலையில் இடம் கிடைத்திருந்தது. எங்கள் தெருவில் இருந்து ஒரு பெண்பிள்ளை அப்படிப் போவது அதுதான் முதல் தரம். போகுமுன் உடம்பு சுகமாக இருக்கிறது என்று டொக்டரின் கையெழுத்து வேண்டும், அதற்கு நெஞ்சுப் படம் வேண்டும். நான் போன அன்றைக்கு ராத்தா லீவு. காக்கா நாளைக்கு வரச் சொன்னார். நான்தான் கெஞ்சினேன், கடதாசி அனுப்ப நாள் முடிகிறது என்று. அவர் அரை மனதோடு சம்மதித்தார்.

“நான் அங்கால திரும்பி நிக்கிறன். தலமயிரத் தூக்கி உச்சியில கட்டுங்க மகள். நெஞ்சுக்கு முன்னால ஒண்டும் வரப்படா” என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றார்.

கட்டினேன். எனக்கு அப்போது இடுப்புக்குக் கீழே கூந்தல், உம்மா தேங்காயெண்ணெய் வைத்துக் கறுப்பு நூலால் இறுக்கிப் பின்னிவிட்டது. அதைத் தூக்கிக் கட்டியதும் முக்காடு நிற்கவில்லை. பிடரியும் கழுத்தும் வெறுமையாகக் கிடந்தன. ஒரு ஆண் திரும்பப் போகிறார் என்று நினைத்தபோது உடம்பெல்லாம் கூசியது. கட்டை அவிழ்த்தேன். பின்னலை வலது தோளுக்கு முன்னால் இழுத்துச் சட்டைக்குள் விட்டேன். முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு, “சரி காக்கா” என்றேன்.

அவர் திரும்பி, என் முகத்தைப் பார்க்காமல், பிலிம் இருக்கிற பெட்டியின் உயரத்தை மட்டும் பார்த்துச் சரிசெய்தார். மூச்சை இழுக்கச் சொன்னார், பிடிக்கச் சொன்னார், விடச் சொன்னார். முடிந்தது.

படம் வடக்கே பெரியாஸ்பத்திரியின் நெஞ்சு டொக்டரிடம் போனது. இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. வலது நுரையீரலின் மேலே நிழல் இருக்கிறது, காசமாக இருக்கலாம், வார்ட்டில் நிற்க ஆயத்தமாக வரவும். எனக்கு இருமலும் இல்லை, சளியும் இல்லை. இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன? கலாசாலை தொடங்க இன்னும் பதினாறு நாள். கையெழுத்து இல்லையென்றால் என் இடம் பட்டியலில் அடுத்து நிற்கிற ஆளுக்கு.

காசம் என்ற சொல் எங்கள் தெருவில் நடக்காது, பறக்கும். பக்கத்து வீட்டு மாமி எனக்குத் தேத்தண்ணி தந்த கோப்பையைத் திருப்பி வாங்கவில்லை. “வெச்சிரு மகள், நீயே பாவிச்சிக்க” என்றார். வாப்பா நாவிதன்வெளி வயலுக்குப் போய் இரண்டு நாள் வாடிக் குடிசையிலேயே படுத்துவிட்டு வந்தார். வந்தும் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. உம்மா என் சோற்றுப் பீங்கானை மட்டும் வெந்நீரில் போட்டார், நான் பார்க்காத நேரம் பார்த்து. நான் பார்த்தேன்.

எக்ஸ்ரே காக்கா நாலாம் நாள் வந்தார். வாசலில் நின்றபடி, “அண்டைக்குத் தலமயிர் எங்க கிடந்திச்சு மகள்?” என்று ஒன்றே ஒன்று கேட்டார்.

“தூக்கித்தான் கட்டின” என்றேன்.

வாப்பா பக்கத்தில் நின்றார். எப்படிச் சொல்ல? அந்தப் பொய் என் வாயால் எவ்வளவு லேசாக வந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் எரிச்சல் வருகிறது. காக்கா மறுபடி கேட்கவில்லை. “நாளைக்கு ராத்தா இரிப்பா. வாங்க. கதிர ரெண்டாந்தரம் சும்மா அடிக்கிறவன் இல்ல நான். இதுக்குக் காரணம் இரிக்கி” என்றார்.

இரண்டாவது படத்துக்கு ராத்தா என் கூந்தலை உச்சியில் முடிந்து, துணி சுற்றிவிட்டார். படத்தில் நிழல் இல்லை. மாசுமறு இல்லாத நெஞ்சு. நான் அழுதேன், ராத்தாவும் அழுதார். படம் வடக்கே போனது, ஐந்தாம் நாள் திரும்பி வந்தது. கூடவே சிவப்பு மையில் ஒரு வரி. இது வேறொரு ஆளின் நெஞ்சு.

டொக்டரைக் குறைசொல்ல முடியாது. மத்திய கிழக்குக்கு ஆட்கள் போய்க்கொண்டிருந்த காலம் அது. நெஞ்சில் பழுது இருக்கிறவர்கள் தம்பியையோ மச்சானையோ தங்கள் பெயரில் அனுப்பிப் படமெடுத்துக்கொண்டு விமானம் ஏறினார்கள். நிழல் ஒரு மாதத்துக்குள் காணாமல் போனால் யாருக்கும் சந்தேகம் வரும்.

எங்கள் வீடு செத்த வீடு மாதிரி இருந்தது. காக்கா மட்டும் அந்தச் சிவப்பு மையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். “நல்ல டொக்டர் இவர். குடுத்தத அப்படியே நம்பாம கேள்வி கேக்கிறார். இவர்ட்டப் போனா வேல நடக்கும்” என்றார். பிறகு இரண்டு படத்தையும் யன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். “சின்னதில எங்கயும் உழுந்தீங்களா?”

ஒன்பது வயதில் நாவல் மரத்தால் விழுந்தேன். இடது தோளுக்குப் பக்கத்து எலும்பு முறிந்து, வீரமுனைப் பரியாரி கட்டுப் போட்டார். அதைச் சொன்னேன். காக்கா முதல் தரமாகப் பல் தெரியச் சிரித்தார். “பரியாரி கொஞ்சம் கோணலாத்தான் கட்டியிரிக்கார். அவருக்கு அல்லா நல்ல வாழ்வு குடுக்கட்டும்.”

அதன்பிறகு, “மூணாவது ஒரு படம் வேணும். நெஞ்சு தேவல்ல, மயிர் மட்டும்” என்றார்.

ராத்தா என்னை ஒரு ஸ்டூலில் இருத்தி, ஈயம் வைத்த பாரமான அங்கியால் கழுத்து முதல் முழங்கால் வரை மூடினார். உம்மா அன்றைக்கும் அதே மாதிரி நூலால் பின்னிவிட்ட என் பின்னலை மட்டும் பின்னால் இழுத்து மேசையில் இருந்த பெட்டிமேல் போட்டார். காக்கா மறுபடி எதையும் கேட்காமல் படத்தை எடுத்தார். ஆனால் அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பொய் சொன்னவளிடம் இப்படி மரியாதையாக நடந்தால் பொய் சொன்னவள் எப்படி நித்திரை கொள்வது?

அடுத்த நாள் காலை பஸ்ஸில் போனோம், நானும் வாப்பாவும் காக்காவும். மூன்று படத்தையும் இரண்டு மட்டைக்கு நடுவில் வைத்து மடியில் பிடித்திருந்தார். பஸ் குலுங்கும்போதெல்லாம் கையால் தாங்கினார். வழியில் ஏறிய ஒரு அம்மா, “கண்ணாடியா தம்பி?” என்று கேட்டார். “ஓம், அது மாதிரித்தான்” என்றார் காக்கா.

நெஞ்சு டொக்டர் மெலிந்த மனிதர், குரல் உயராத தமிழர். காக்கா முதல் இரண்டு படத்தையும் வெளிச்சப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் செருகினார். இடது தோளெலும்பில் ஒரே இடத்தில் ஒரே கோணல். “ஆள் ஒண்டுதான் டொக்டர். இந்த எலும்ப வாடகைக்கு எடுக்க ஏலா.”

டொக்டர் கிட்டப்போய்ப் பார்த்தார். “சரி. ஆள் ஒன்றுதான். அப்ப நிழல்?”

காக்கா மூன்றாவது படத்தை எடுத்து முதலாவதின் மேல் வைத்து மெல்ல நகர்த்தினார். என் பின்னல், முறுக்குக்கு முறுக்கு, நூல் கட்டிய இடத்துக்கு நூல் கட்டிய இடம், அந்த நிழலின் மேல் போய்ப் படிந்தது. காசம் என்று எழுதிய இடத்தில் என் உம்மா பின்னிய பின்னல் கிடந்தது.

டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நல்ல வேலை. ஆனால் அன்றைக்குக் கூந்தல் சட்டைக்குள் இருந்ததை நீர் கண்டீரா?”

“காணல்ல டொக்டர். திரும்பி நிண்ட. திரும்பினாப் பொறகும் சரியாப் பாக்கல்ல. ராத்தா இல்லாத நாளில படம் எடுத்ததும் நான்தான். பிழை என்ட. அப்படியே எழுதுங்க.”

“எழுதினால் உம்முடைய பைலில் நிற்கும்.”

“நிக்கட்டும்.”

“அதில்லை. காணாததுக்கு நீர் சாட்சி சொல்ல ஏலாது. படம் பொருந்துகிறது, உண்மைதான். ஆனால் ஒரு ஆள் சொல்லவேணும்.”

வாப்பா கதவடியில் நின்றார். காக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூட நான் அழுதுவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருந்திருப்பேன். அவர் தரையைப் பார்த்து, மறுபடி, “பிழை என்ட, டொக்டர்” என்றார். அந்த மனிதர் என் பொய்யையும் சேர்த்துத் தன் தலையில் வைத்துக்கொள்ளப் போகிறார் என்று கண்டேன். எனக்கு ரோஷம் வந்தது.

“இல்ல டொக்டர்” என்றேன். “காக்கா தூக்கிக் கட்டச் சொன்னவர். நான் கட்டினேன், வெக்கத்தில அவுத்துட்டேன். இந்தப் பக்கத்தால சட்டைக்குள்ள உட்டு மூடினேன். கேட்ட நேரம் பொய்யும் சொன்னேன். பிழை என்ட.”

டொக்டர் என்னைப் பார்த்தார், காக்காவைப் பார்த்தார். “இங்கே வாறவர்கள் பிழையை அடுத்தவன் தலையில் போடத்தான் சண்டை பிடிக்கிறவர்கள். எனக்கு என்று இழுத்துப் பறிக்கிறவர்களை இன்றைக்குத்தான் கண்டேன்” என்றார். பேனையை எடுத்தார்.

“கலாசாலை எப்ப?”

“வார திங்கக்கிழம.”

“போம்” என்று கையெழுத்து வைத்து, முத்திரை குத்தி, கடதாசியை என் கையில் தந்தார்.

வெளியே நீள வாங்குப் பலகைகளில் இருபது பேர் இருந்தார்கள், என்னைப் போல நெஞ்சைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள். வாப்பா கடதாசியை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். ஆங்கிலம், இரண்டே வரி.

“என்ன எழுதியிரிக்கி மகள்?”

“ஒண்டுமில்ல எண்டு எழுதியிரிக்கி வாப்பா. நெஞ்சில ஒண்டுமில்ல.”

“வாசி.”

வாசித்தேன். ஆங்கிலத்திலும் வாசித்து, தமிழிலும் சொன்னேன்.

“மறுவாட்டி வாசி” என்றார். பத்துப் பன்னிரண்டு நாள் ஊமையாக இருந்த மனிதர், கன்னத்தில் ஓடிய தண்ணியைத் துடைக்கவும் இல்லை.

மறுபடி வாசித்தேன். வாங்கில் இருந்தவர்கள் திரும்பினார்கள். எக்ஸ்ரே காக்கா படங்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முதுகை நிமிர்த்தி நின்றார். “சத்தமா வாசிங்க மகள். அந்தத் தொங்கல்ல இரிக்கிறவருக்கும் கேக்கணும்.”

முப்பத்திரண்டு வருடம் வகுப்பறைகளில் தொண்டை கிழியப் படிப்பித்திருக்கிறேன். அந்த இரண்டு வரியை வாசித்த சத்தத்தில் வேறெதையும் நான் வாசித்ததில்லை.